காலையில் மட்டும் மிஸ்ஸிங் அடித்த கார்: உப்புத் தண்ணீரில் போய் முடிந்த தேடல்

திருத்துறைப்பூண்டியில் என் வீட்டில் நிற்பது 1997ஆம் ஆண்டு மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்பரேட்டர் பொருத்திய பழைய வகை. தலைஞாயிறுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பா பல வருடங்கள் ஓட்டிவிட்டு, கண் பார்வை குறைந்த பிறகு எனக்குக் கொடுத்த வண்டி. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கிய நாட்களிலிருந்து, காலையில் முதல் முறை செல்ஃப் அடிக்கும்போது மட்டும் இன்ஜின் திணறிக் குலுங்கிக் கிளம்பத் தொடங்கியது. அதைக் கண்டுபிடித்துச் சரி செய்து முடித்துவிட்டேன் என்பதாலும், எங்கள் கடைமடைப் பகுதியில் இதே காரணத்தால் கெடும் இன்ஜின்கள் வேறு பலவும் இருக்கும் என்பதாலும், செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் கோளாறின் தன்மையைச் சொல்ல வேண்டும். சோக்கை இழுத்துவிட்டு செல்ஃப் அடித்தால் வண்டி உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாததைப் போல இன்ஜின் மொத்தமும் ஆடும், ஸ்டியரிங் நடுங்கும், சைலன்சரில் விட்டுவிட்டுச் சத்தம் வரும். முக்கால் நிமிடம், சில சமயம் ஒரு நிமிடம் கழித்து அந்தச் சிலிண்டரும் சேர்ந்துகொண்டால் அதன்பின் நாள் முழுவதும் ஒரு குறையும் இருக்காது. கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து கிளப்பினாலும் ஒழுங்காகவே கிளம்பும். பிக்கப்பில் குறைவில்லை, மைலேஜும் குறையவில்லை, டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை. நான் குறித்து வைத்த நோட்டில் ஒரு விஷயம் மட்டும் தனியாகத் தெரிந்தது: முந்தின நாள் மாலை தஞ்சாவூர் வரை போய் வந்திருந்தால் மறுநாள் காலைக் குலுக்கல் கடுமையாக இருந்தது, ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டு நிறுத்தினால் லேசாக இருந்தது. அந்தக் குறிப்புக்குள்தான் விடை இருந்தது என்றாலும், எழுதியபோது எனக்கு அதன் பொருள் புரியவில்லை.

கோளாறு குளிரில் மட்டும் வருகிறது என்றால் பேட்டரி, பிளக், கார்பரேட்டர் என்ற வரிசையில் பார்ப்பதே வழக்கம். பேட்டரி நிறுத்திய நிலையில் 12.5 வோல்ட் காட்டியது. செல்ஃப் அடிக்கும்போது 10.3க்குக் கீழே இறங்கவில்லை. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றி, பச்சை பிடித்த முனையை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். பிளக் இடைவெளி மூன்றிலும் 0.9 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்திருந்தது, 0.8க்குக் கொண்டுவந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை ஈரத்துக்காகச் சோதித்து, உள்ளே வெள்ளைத் தூள் படிந்திருந்த முனைகளைச் சுரண்டினேன். பொழுது விடியும் முன் பானட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களின் மேல் எங்காவது நீலப் பொறி ஓடுகிறதா என்று இருட்டில் பார்த்தேன், ஓடவில்லை. எதனாலும் குலுக்கல் குறையவில்லை.

அடுத்து எல்லோரும் கை காட்டியது பெட்ரோலை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்பரேட்டர் வண்டிக்கு ஆகாது என்பது பரவலான பேச்சு. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு 100 மில்லி அளவுக் குடுவை வாங்கி, அதில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும் என்பதால் அடியில் நிற்கும் தண்ணீர் அடுக்கு உயரும். அது 28ஐ ஒட்டி நின்றது. 90 மில்லியில் 18 மில்லி எத்தனால் என்றால் சரியாக 20 சதவீதம். டாங்கிலிருந்து எடுத்த பெட்ரோலை வேறொரு கண்ணாடிச் சீசாவில் இரவு முழுவதும் வைத்துப் பார்த்ததில் அடியில் தனி அடுக்கு எதுவும் பிரியவில்லை. ஆகவே டாங்கில் தண்ணீர் இறங்கவில்லை. பெட்ரோலை விட்டுவிட்டேன்.

கார்பரேட்டரை நான் கழற்றவில்லை. ஒரு ஒர்க்ஷாப்பில் கொடுத்துக் கழுவி, கேஸ்கெட், நீடில் வால்வு, சோக் கேபிள் மூன்றையும் மாற்றி வாங்கினேன். 1,400 ரூபாய் ஆயிற்று. ஐட்லிங் முன்பைவிட நன்றாகவே நின்றது; காலைக் குலுக்கல் அப்படியே இருந்தது. இரண்டாவது முறை கேட்டபோது, "இன்ஜினையே இறக்கிப் பாத்துடலாம், இருபத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து நானே பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

இந்த முறை எந்தப் பாகத்தையும் மாற்றாமல், எந்தச் சிலிண்டர் என்பதை மட்டும் முதலில் உறுதி செய்தேன். காலையில் இன்ஜின் குலுங்கிக்கொண்டிருக்கும்போதே, ரப்பர் கைப்பிடி போட்ட பிளையரால் ஒவ்வொரு பிளக் வயராக இழுத்து, வயரின் முனையை இன்ஜின் இரும்பில் தொட்டு நிற்குமாறு பிடித்துக்கொண்டு, ஆட்டம் கூடுகிறதா என்று கவனித்தேன். டைமிங் பெல்ட் பக்கமுள்ள முதல் சிலிண்டரை எடுத்தால் வண்டி அணைந்துவிடப் பார்த்தது, இரண்டாவதிலும் அப்படியே. கியர்பாக்ஸ் பக்கமுள்ள மூன்றாவதை எடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. ஒரு நிமிடம் கழித்துச் சூடேறியதும் மறுபடி எடுத்தால் மூன்றாவதிலும் ஆட்டம் கூடியது. குளிரில் வேலை செய்யாமல் சூட்டில் வேலை செய்யும் சிலிண்டர் மூன்றாவது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

பிறகு மூன்று பிளக்குகளையும் கழற்றி, வரிசை மாறாமல் செய்தித்தாளில் வைத்தேன். முதல் இரண்டின் பீங்கான் மூக்கும் வெளிர் காப்பி நிறத்தில், சாதாரணமாக ஓடும் இன்ஜினில் இருக்க வேண்டியபடி இருந்தன. மூன்றாவதன் பீங்கான் கழுவித் துடைத்ததைப் போல வெள்ளையாக இருந்தது. பக்கக் கம்பியின் உட்புறத்தில், கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்கு மெல்லிய துரு. பெட்ரோல் கூடி எரியாமல் போனால் பிளக் கறுக்கும். ஆயில் ஏறினால் பிசுக்குப் பிடிக்கும். வெளுத்த பீங்கானும் துருவும் சேர்ந்து வந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிளக்கின் குறையாகவே இருக்கலாம் என்ற சந்தேகத்துக்காக மூன்றாவதை முதலிலும் முதலாவதை மூன்றிலும் மாற்றிப் போட்டு ஒரு வாரம் ஓட்டினேன். காப்பி நிறத்திலிருந்த பிளக், மூன்றாவது இடத்துக்குப் போனதும் வெளுத்துவிட்டது.

தண்ணீர் என்ற எண்ணம் வந்ததும் ரேடியேட்டர் பக்கம் திரும்பினேன். ரிசர்வ் டாங்கில் மார்க்கரால் கோடு போட்டு, காலை வேளையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பார்த்துவந்தேன். மட்டம் மெல்ல இறங்கியது. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர். கீழே விரித்து வைத்த செய்தித்தாளில் ஒரு சொட்டும் விழவில்லை. ஆயில் குச்சியிலும் ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் தண்ணீர் கலந்தால் மோர் போல வெளுத்துத் திரியும். அப்படி எதுவும் இல்லாததால், போகிற தண்ணீர் ஆயிலுக்குள் போகாமல் எரி அறைக்குள் மட்டும் போகிறது என்று வைத்துக்கொண்டேன். காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது உண்மைதான்; மார்கழிப் பனியில் எல்லா வண்டியிலும் வருவதுதானே என்று அதுவரை அதைப் பொருட்படுத்தவில்லை. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் கீழுள்ள பிளாக்குக்கும் இடையே அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போனால் புகையில் இனிப்பு வாடை அடிக்கும் என்று சொல்வார்கள். அந்த வாடை கூலன்டிலுள்ள கிளைக்காலால் வருவது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டும் இருந்தால் வாடையே வராது. என் ரேடியேட்டரில் இருந்தது வெறும் தண்ணீர். அதுவும் எந்தத் தண்ணீர் என்பதை அப்போதுதான் கேட்டறிந்தேன்.

பெரியப்பாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, "அடிபம்புத் தண்ணிதான் தம்பி. கஜா அடிச்சப்ப கரன்ட்டும் இல்ல, கொழாயும் வரல, அதுலேருந்து அதத்தான் ஊத்துறது" என்றார். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அந்தப் புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கைக்கு எட்டியது அடிபம்பு மட்டும்தான். அந்தச் சமயத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கியது அதன்பின் வழக்கமாகிவிட்டது. கடற்கரையோரக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பேறியது என்பது இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடிக்க ஊற்றினால் குழந்தைகூடத் துப்பிவிடும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் தண்ணீர்தானே என்ற எண்ணம் மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும், 250 ரூபாய்க்கு வாங்கிய பேனா வடிவ டிடிஎஸ் மீட்டரால் அளந்தேன். பெரியப்பாவின் அடிபம்புத் தண்ணீர் 2,600. என் ரேடியேட்டரிலிருந்து எடுத்த தண்ணீர் 3,400. பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் 3. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500, வேறு நீர் கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் 2,000 என்று வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். ரேடியேட்டரில் அடிபம்பைவிட அளவு கூடியிருப்பதற்குக் காரணம், ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். மேலும் மேலும் அதே தண்ணீரை ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை ரேடியேட்டர் வாயில் தண்ணீருக்குள்ளும் வைத்தபோது 0.5 வோல்ட் காட்டியது. இது 0.3க்கு மேல் போனால் அலுமினியத்துக்கு ஆபத்து என்பது ஒர்க்ஷாப் கணக்கு. இந்த இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். இவற்றுக்கிடையே உப்புத் தண்ணீர் ஓடினால் முதலில் கரைவது அலுமினியம்தான்.

கம்ப்ரஷன் பார்த்தேன். கார்பரேட்டரின் காற்று வழியை முழுதாகத் திறந்து, இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, மூன்று பிளக்கையும் எடுத்துவிட்டு செல்ஃப் அடித்ததில் முதல் சிலிண்டர் 170, இரண்டாவது 168, மூன்றாவது 152 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தபோதும் பெரிதாக உயரவில்லை. பிஸ்டன் ரிங் தேய்மானம் என்றால் உயர்ந்திருக்கும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றத் துணிய முடியாது.

உறுதியான சாட்சி ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டரில் கிடைத்தது. பக்கத்துத் தெருவில் டிராக்டர் வேலை செய்யும் அண்ணனிடம் ஒரு மாலைக்கு வாங்கி வந்தேன். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று போட்டிருக்கும்; சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் வரை அது திறக்காது. இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில் மூடிக்குப் பதிலாக டெஸ்டரை மாட்டி 0.9க்கு அடித்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் முள் 0.5க்கு இறங்கியது, வெளியே எங்கும் கசிவில்லை. பிளக்குகளைக் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, மூன்று ஓட்டைகளுக்கும் எதிரே ஒரு அட்டையைச் சாய்த்து வைத்து செல்ஃப் அடித்தேன். முதல் இரண்டுக்கு எதிரே அட்டை காய்ந்திருந்தது. மூன்றாவதுக்கு எதிரே துரு நிறத்தில் பொடிப்பொடியாகத் தண்ணீர்த் துளிகள் தெறித்திருந்தன. வெளியூர் போய் வந்த மறுநாள் குலுக்கல் கூடியதன் காரணமும் அப்போதே பிடிபட்டது: நீண்ட தூரம் ஓடி நிறுத்தியதும் இன்ஜினின் சூடு முழுவதும் தண்ணீரில் இறங்கி உள்ளே அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அது ஆறித் தணியும்வரை கேஸ்கெட் விட்ட வழியாகத் தண்ணீரைச் சிலிண்டருக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். ஊருக்குள் ஓட்டினால் அந்த அளவுக்கு அழுத்தம் ஏறுவதில்லை.

ஹெட்டைக் கழற்றும் வேலை சொல்வதற்குச் சுருக்கம், செய்வதற்கு ஒரு முழு நாள். பேட்டரியைக் கழற்றி, தண்ணீரை வடித்து (வாளியில் விழுந்தது செம்மண் குட்டையின் நிறம்), ஏர் ஃபில்டர், ஹோஸ்கள், சைலன்சர் பைப் எல்லாவற்றையும் பிரித்தேன். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்ததோடு, ஒவ்வொரு வாக்குவம் குழாய்க்கும் துணித் தேப்பில் எண் எழுதிக் கட்டினேன். படத்தைவிட இந்த எண்களே பிறகு உதவின. டைமிங் குறிகளை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் நிற்கும் திசையை அதன் உடம்பில் கோடிட்டு வைத்து, பெல்ட்டை எடுத்தேன். ஹெட் போல்ட் எட்டையும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருமாறு, ஒரேயடியாக அவிழ்க்காமல் கால் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். மூன்றாவது சிலிண்டர் பக்கத்தில் ஒரு போல்ட் துருவோடு பிடித்துக்கொண்டிருந்தது. டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து விட்டு இரவு முழுவதும் ஊறவைத்த பின்தான் அசைந்தது.

ஹெட்டைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் கண்ணால் தெரிந்தது. தண்ணீர் ஓடும் துளைகளுக்கும் சிலிண்டரின் விளிம்பை அடைக்கும் கேஸ்கெட் வளையத்துக்கும் இடையே அலுமினியம் ஒரு கரை போல நிற்க வேண்டும். முதல் சிலிண்டரில் அந்தக் கரை 6 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. மூன்றாவதன் ஓரத்தில் ஒரு துளையைச் சுற்றி அலுமினியம் சுண்ணாம்பு போல வெளுத்து, பொத்துப் பொத்தாகக் குழிந்து, கரை 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. ஸ்குரூ டிரைவர் முனையால் தொட்டால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. அந்த இடத்துக்கு நேரே கேஸ்கெட்டின் வளையம் துருப்பிடித்து, ஒரு மயிரிழைப் பாதை குறுக்கே ஓடியிருந்தது. அந்தப் பிஸ்டனின் தலை மட்டும் கரி இல்லாமல் பளபளத்தது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று அறிய, நேரான இரும்புப் பட்டையை (ஸ்ட்ரெய்ட் எட்ஜ்) மூலைக்கு மூலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் பக்கம் 0.10 மில்லிமீட்டர் தகடு நுழைந்தது. கையேடு அனுமதிப்பது 0.05. பிளாக்கின் மேல்முகத்தில் 0.05 தகடு எங்கும் நுழையவில்லை. இது எனக்குப் பெரிய நிம்மதி. பிளாக்கும் வளைந்திருந்தால் இன்ஜினை இறக்கியே ஆக வேண்டியிருக்கும்.

ஹெட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் மன்னார்குடிக்குப் போனேன். அங்குள்ள லேத் பட்டறைக்காரர் குழியைப் பார்த்ததும், "ஃபேசிங் மட்டும் அடிச்சா பத்தாது, குழி போறவரைக்கும் சீவுனா ஹெட்டே தேறாது. ஆர்கான் வெல்டிங் போட்டு ரொப்பிட்டுச் சீவுவோம்" என்றார். அது சரியான யோசனை. குழியை நல்ல அலுமினியம் வரும்வரை குடைந்து, ஆர்கான் வெல்டிங்கால் நிரப்பி, துளையைப் பழைய அளவுக்கு மீண்டும் திறந்து, பிறகு மொத்த முகத்தையும் 0.15 மில்லிமீட்டர் மட்டும் சீவினார். இதற்கு மேல் சீவினால் எரி அறை சிறுத்து கம்ப்ரஷன் கூடிப்போகும். வால்வு கிரைண்டிங்கும் சீல் மாற்றமும் அங்கேயே முடிந்தன. வாங்கும் முன் ஹெட்டின் தண்ணீர் வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொன்னேன்; வெல்டிங் போட்ட இடத்தில் குமிழி வரவில்லை. இந்தச் சோதனை இல்லாமல் வெல்டிங் போட்ட ஹெட்டை யாரும் வாங்கி வரக் கூடாது.

மாட்டும் வேலையில் அதிக நேரம் எடுத்தது சுத்தம் செய்வதுதான். பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் படுக்கையாக வைத்துச் சுரண்டினேன். கிரைண்டர் பிரஷ் ஓட்டினால் முகம் பள்ளமாகும், தூளும் சிலிண்டருக்குள் விழும். போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் துணித்திரியால் ஒற்றி, ஊசிக்குழாயால் உறிஞ்சி, காற்றடித்து முழுதாகக் காயவைத்தேன். அடி மூடிய துளையில் திரவம் தேங்கியிருந்தால் போல்ட் அதைத்தான் நெருக்கும். டார்க் ரெஞ்ச் கிளிக் கொடுத்துவிடும், ஹெட் இறுகியிருக்காது, சில சமயம் பிளாக்கே வெடிக்கும். புதுக் கேஸ்கெட்டை எந்தப் பசையும் தடவாமல், 'டாப்' என்ற எழுத்து மேலே வருமாறு வைத்தேன். போல்ட்டுகளை இந்த முறை நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதல் சுற்றில் 20, அடுத்து 40, கடைசியாக 57 நியூட்டன் மீட்டர் என்று மூன்று கட்டமாக இறுக்கினேன்; கையேட்டில் உள்ள அளவு 5.5 முதல் 6 கிலோகிராம் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை மதிப்பில் இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைக்கு அந்தத் தேர்ச்சி இருக்கலாம். எனக்கு இல்லை, ஆகவே 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

டைமிங் பெல்ட்டைப் புதிதாகப் போட்டு, குறிகள் பொருந்துகின்றனவா என்று கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பின்னரே மூடியை மூடினேன். ரேடியேட்டரைத் தனியாகக் கொடுத்துக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து வாங்கினேன். பிளாக்கின் உள்ளே தெளிந்த தண்ணீர் வெளிவரும்வரை குழாயை விட்டு அலசி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரால் ஒரு முறை அலசினேன். பழைய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். அதில் பொறித்திருந்தது 82. தெர்மாமீட்டர் 90ஐத் தாண்டிய பிறகே திறந்தது, அதுவும் பாதி. மாற்றிவிட்டேன். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்ததால் அதே 0.9 மூடி புதிதாக வாங்கினேன்.

கூலன்டில் ஒரு கவனம் வேண்டும். கடையில் அப்படியே ஊற்றும்படி கலந்து வைத்ததும் உண்டு, தண்ணீர் சேர்க்க வேண்டிய அடர்த்தியானதும் உண்டு; நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது, டப்பாவில் படித்துத்தான் வாங்க வேண்டும். நான் அடர்த்தியானதை வாங்கி டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல் பிடித்தது. தஞ்சை ஜில்லாவில் ரேடியேட்டர் உறைந்துபோகப் போவதில்லை, அப்படியிருக்க எதற்குக் கூலன்ட் என்று கேட்பவர்களுக்கு: இங்கே நமக்கு வேண்டியது அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்து. மூடியைத் திறந்து வைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன்.

மறுநாள் காலை சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தபோது மூன்று சிலிண்டரும் முதல் நொடியிலிருந்தே சேர்ந்து பிடித்தன. வெளியூர் போய் வந்த மறுநாள் காலைதான் உண்மையான பரீட்சை என்பதால் தஞ்சாவூர் வரை வேண்டுமென்றே ஓட்டிவந்து, மறுநாள் பார்த்தேன், குலுக்கல் இல்லை. கம்ப்ரஷன் இப்போது 174, 172, 172. பிரஷர் டெஸ்டர் 0.9இல் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. மல்டிமீட்டர் முனையைக் கூலன்டில் வைத்தால் 0.1. டிடிஎஸ் மீட்டரைக் கூலன்ட் ஊற்றிய பிறகு பயன்படுத்திப் பயனில்லை, ஏனென்றால் அதிலுள்ள மருந்துகளே மீட்டரில் உப்பைப் போலக் காட்டும். இனி வோல்ட் அளவுதான் எனக்கு அடையாளம்.

செலவுக் கணக்கு: கேஸ்கெட் செட் 850, ஆர்கான் வெல்டிங் 900, ஃபேசிங் 600, வால்வு வேலையும் சீலும் 650, ரேடியேட்டர் சுத்தம் 700, தெர்மோஸ்டாட் 350, மூடி 160, ஹோஸ் இரண்டு 480, டைமிங் பெல்ட் 520, பிளக் மூன்று 330, ஆயிலும் ஃபில்டரும் 1,350, கூலன்ட் இரண்டு லிட்டர் 620, டிஸ்டில்டு வாட்டர் 120. மொத்தம் 7,630 ரூபாய். கருவிகளுக்கு ஆனதும் கார்பரேட்டருக்குப் போன 1,400உம் இதில் சேரவில்லை. கருவிகள் என்னிடமே இருக்கின்றன.

அடுத்த முறை இப்படி ஒரு வண்டி வந்தால் வரிசையை மாற்றிக்கொள்வேன். முதலில் வயர் இழுத்துச் சிலிண்டரைக் கண்டுபிடிப்பது, இரண்டாவது பிளக்குகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது, மூன்றாவது ரிசர்வ் டாங்கில் கோடு போடுவது. இம்மூன்றுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை, கார்பரேட்டரைத் தொடுவது அதற்குப் பின்புதான். டைமிங் பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றியிருக்கலாம். ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை என்று பழையதையே விட்டேன், ஆனால் உப்புத் தண்ணீரில் ஓடிய பம்பின் சீலை எத்தனை நாள் நம்புவது என்று இப்போது தோன்றுகிறது. பிளாக்கின் பின்புறத்தில், தண்ணீர் அறையின் துளையை அடைக்கும் தகட்டு மூடியான கோர் பிளக் ஒன்றைச் சுற்றித் துருக்கோடு ஒன்று தெரிகிறது; கசியவில்லை, ஆயினும் கோடை தொடங்கும் முன் அதையும் பம்பையும் ஒரே நாளில் மாற்றிவிடப் புதுப் பாகங்கள் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த வேலைக்காக வடிக்கும் கூலன்டைச் சுத்தமான வாளியில் பிடித்து வடிகட்டி அதையே திரும்ப ஊற்றலாம். குறையும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் ஒன்று டிக்கியில் நிரந்தரமாக இருக்கிறது, அதன் மேல் 'ரேடியேட்டருக்கு' என்று மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.